சொட்டுகிற இடம் வேறு, ஒழுகுகிற இடம் வேறு

வண்டிக்கு அடியில் எண்ணெய் சொட்டுகிறது என்றால் எல்லோரும் குனிந்து பார்ப்பது சொட்டு விழுகிற இடத்தைத்தான். 33 வருஷம் பஸ் டிப்போ பணிமனையில் ஸ்பானர் பிடித்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், ஒழுக்கு பெரும்பாலும் அங்கே இருக்காது. எங்கோ மேலே கசிந்து, இரும்பைத் தடவிக்கொண்டே இறங்கி, வார்ப்பின் விளிம்பு எங்கே கீழ்நோக்கி இருக்கிறதோ அங்கே வந்துதான் சொட்டாகும். ஓட்டு வீட்டில் மழைக்கு ஒழுகும்போது பார்த்திருப்பீர்களே, ஓடு உடைந்த இடம் ஒன்று, தலையில் சொட்டுகிற இடம் ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு சட்டமும் ரீப்பரும் இருக்கும்.

எங்கள் பக்கம் கோபிச்செட்டிபாளையத்தைச் சுற்றிய ஊர்கள். கொடிவேரியில் பிரிகிற தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். நெல், மஞ்சள், வாழை, கரும்பு. வாழைக்கும் கரும்புக்கும் இடையில் புகுந்து வரவேண்டும் என்பதால் இப்போது குட்டி டிராக்டர்கள் நிறையக் கண்ணில் படுகின்றன. என் தம்பி மகன் மூன்று வருஷத்துக்கு முன்னால் கடன் போட்டு 24 குதிரைசக்தியில் ஒன்று வாங்கினான். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். நான் சொல்லப்போகிற கோளாறு எந்த வண்டிக்கும் வரும்.

அவன் டிப்ளமா படித்துவிட்டுத் திருப்பூரில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவன். திரும்பி வந்து பண்ணயம் பார்க்கிறேன் என்றதில் என் தம்பிக்குத் துளியும் சம்மதமில்லை. டிராக்டர் வாங்கியதில் அதைவிடச் சம்மதமில்லை. இருந்தாலும் பையன் சொந்தக் காட்டுக்கும் ஓட்டி, சுற்றுவட்டாரத்தில் மணிக்கணக்கு வாடகைக்கும் ஓட்டி, தவணை தவறாமல் கட்டி வந்தான்.

இந்த வருஷம் வாய்க்காலில் தண்ணீர் விடப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது வண்டி ஒழுக ஆரம்பித்தது. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்துக்கு அடியில் சொட்டு. மூன்று நாளைக்கு ஒருமுறை ஒரு லிட்டர் ஊற்ற வேண்டியிருந்தது. ஒரு மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, கியர்பாக்ஸுக்குப் போகிற ஷாஃப்ட்டின் சீல் போய்விட்டது, வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்கவேண்டும், கிளட்ச் தட்டும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது, 26,000 ஆகும், ஒரு வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டார்.

என் தம்பி அதற்காகவே காத்திருந்தவன் போல, "விலைக்குக் கேக்கற ஆள் இருக்கு, தள்ளி உட்ரு" என்றான். தவணை பாக்கி போக என்ன தேறும் என்று கணக்கும் போட்டுவிட்டான். பையன் அன்று சாயங்காலம் என்னிடம் வந்தான். "பெரியப்பா, பிரிக்கறதுக்கு முன்னால நீங்க ஒருக்கா பாத்துருங்க" என்றான். வேறு ஒன்றும் பேசவில்லை. அவன் முகத்தைப் பார்த்தால் அவன் கேட்டது டிராக்டரைப் பற்றி மட்டுமல்ல என்று தெரிந்தது.

இங்கே ஹைட்ராலிக் என்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம் வயசுக்காரர்களுக்குப் பழைய டிராக்டர்களின் நினைவு இருக்கும். கலப்பையைப் பின்னால் கயிற்று வண்டி மாதிரி இழுத்துப்போன காலம் ஒன்று இருந்தது. அதை மாற்றியவர் வட அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன். கலப்பையை டிராக்டரோடு மூன்று புள்ளிகளில் மாட்டி, எண்ணெய் அழுத்தத்தால் அதைத் தூக்கவும் இறக்கவும் வழி செய்தார். 1939ல் ஹென்றி ஃபோர்டோடு சேர்ந்து அவர் கொண்டுவந்த டிராக்டரில் அது பரவலாகி, பிறகு உலகம் முழுக்க அதுவே வழக்கமாகிவிட்டது. 1960ல் சென்னையில் தொடங்கிய டாஃபே கம்பெனியின் மாஸே ஃபெர்குசன் டிராக்டர்களில் இருக்கிற ஃபெர்குசன் அவர்தான். இன்றைய குட்டி டிராக்டரின் பின்னால் இருக்கிற இரண்டு கைகளும் அதே ஏற்பாடுதான்.

அதன் வேலை இவ்வளவுதான். இன்ஜினோடு ஒரு சின்னப் பம்ப் சுற்றுகிறது. அது கியர்பாக்ஸில் இருக்கும் எண்ணெயையே ஒரு வடிகட்டி வழியாக உறிஞ்சி, இரும்புப் பைப்பில் பின்பக்கம் அனுப்புகிறது. அங்கே ஒரு வால்வு. நாம் கைப்பிடியைத் தொடாமல் இருக்கும்போது எண்ணெய் சும்மா சுற்றிக்கொண்டு தொட்டிக்கே திரும்பிவிடும், பைப்பில் அழுத்தம் என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது. தூக்கு என்று கைப்பிடியை நகர்த்தினால் எண்ணெய் சிலிண்டருக்குள் போய்ப் பிஸ்டனைத் தள்ளும். பின்னால் மாட்டியிருக்கிற ரொட்டவேட்டர் எவ்வளவு கனமோ அதற்குத் தக்க அழுத்தம் அப்போதுதான் பைப்பில் ஏறும். சதுர சென்டிமீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேலேகூடப் போகும். கார் டயரில் நாம் அடிக்கிற காற்று இரண்டு கிலோ சொச்சம்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இது தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. எப்போது ஒழுகுகிறது என்று கேட்டாலே எங்கே ஒழுகுகிறது என்பது நெருங்கிவிடும்.

மறுநாள் காலையில் போனேன். முதலில் கழுவச் சொன்னேன். அழுக்கு வண்டியில் ஒழுக்குத் தேடுவது சேற்றில் ஊசி தேடுகிற மாதிரி. டீசலில் பிரஷ் முக்கி இன்ஜின் பின்பக்கம், கிளட்ச் ஹவுசிங், கியர்பாக்ஸ் பக்கவாட்டு, பின் ஆக்சில் எல்லாம் தேய்த்து, சோப்புத் தண்ணீரால் அலசி, பனியன் வேஸ்ட் போட்டுத் துடைத்து, வெயிலில் காய வைத்தோம். இதற்கே பகல் போய்விட்டது. பையனுக்குப் பொறுமை இல்லை. ஆனால் இந்த வேலையைத் தாண்டிக் குதித்துப் போகிறவர்கள்தான் நல்ல சீலைக் கழற்றி எறிகிறவர்கள்.

கழுவுவதற்கு முன்பே ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் பிடித்து வைத்திருந்தேன். இன்ஜின் ஆயில் என்றால் கறுப்பாக இருக்கும். டீசல் என்றால் தாளில் அகலமாகப் பரவி, வாசனை காட்டிக் கொடுக்கும். ரேடியேட்டர் தண்ணீர் வழவழப்பில்லாமல் பச்சையாகவோ சிவப்பாகவோ இருக்கும். இது தேன் நிறத்தில் இருந்தது. கியர்பாக்ஸும் ஹைட்ராலிக்கும் பொதுவாகக் குடிக்கிற எண்ணெய். இந்த மட்டில் மெக்கானிக் சொன்னதில் தப்பில்லை.

அடுத்து கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் இருக்கிற சின்னத் துளை. அதில் ஒரு ஸ்பிளிட் பின் தொங்கும். உள்ளே சீல் போனால் எண்ணெய் அந்தத் துளை வழியாகத்தான் வெளியே வரவேண்டும், அதற்காகவே வைத்த துளை அது. சொட்டு விழுந்தது அதன் பக்கத்தில்தான், அதனால்தான் அவர் சீல் என்று முடிவு கட்டினார். பின்னைக் கழற்றி, ஒரு கம்பியில் வெள்ளைத் துணி சுற்றி உள்ளே விட்டுத் துழாவினேன். கிளட்ச் தூள் மட்டும் வந்தது, உலர்ந்த தூள். எண்ணெய் ஈரம் இல்லை. கிளட்ச் வழுக்குகிறதா என்று பையனைக் கேட்டேன். "இல்லீங்க பெரியப்பா, நல்லா புடிக்குதுங்க" என்றான். மூன்று நாளைக்கு ஒரு லிட்டர் அந்த அறைக்குள் ஒழுகினால் கிளட்ச் தட்டு நனைந்து வழுக்கியிருக்க வேண்டும். அப்போதே எனக்கு வண்டியைப் பிரிக்கவேண்டாம் என்று பட்டது. ஆனால் பட்டது என்பதை வைத்து வேலை செய்யக்கூடாது.

இரவு வண்டிக்கு அடியில் நீளமாக அட்டைப் பெட்டிகளை விரித்துப் போட்டோம். காலையில் நடு அட்டையில் ஒரு பொட்டுகூட இல்லை. பின்பக்கம் வலது சக்கரத்துக்கு உள்பக்கமாக மட்டும் ஒரு சின்ன ஈரம் தெரிந்தது, அதைப் பிறகு சொல்கிறேன். நின்ற வண்டியில் சொட்டவில்லை என்பதால் மட்டும் சீல் நல்லது என்று ஆகிவிடாது, ஏனென்றால் எண்ணெய் மட்டம் அந்தச் சீலுக்குக் கீழே இருக்கலாம். அதனால் வண்டியைக் கிளப்பிக் கால் மணி நேரம் சும்மா ஓட விட்டோம். சொட்டவில்லை. ரொட்டவேட்டர் இல்லாமல் வண்டிப்பாதையில் ஒரு சுற்று ஓட்டி வரச் சொன்னேன். அப்போதும் சொட்டவில்லை. கியர்பாக்ஸ் ஷாஃப்ட் சுற்றியும் ஒழுகவில்லை என்றால் சீல் மேல் இருந்த சந்தேகம் ஏறக்குறைய போய்விட்டது.

பிறகு ரொட்டவேட்டரை மாட்டினோம். அதற்கு முன் ஹவுசிங்கின் இரண்டு பக்கமும், மேலும் கீழும், முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவி வைத்தேன். டிப்போவில் சாக்பீஸ் தூளும் சீமெண்ணெயும் வைத்துத்தான் டேங்கில் விரிசல் கண்டுபிடிப்போம். சாக்பீஸ் இல்லாததால் வீட்டு டப்பா காலியானது, அதற்கு வீட்டில் வாங்கிய பேச்சு தனி. பையனை சீட்டில் உட்கார்ந்து தூக்கச் சொன்னேன், இறக்கச் சொன்னேன். பத்துத் தடவை. என்னை ரொட்டவேட்டர் பக்கம் வராமல் தள்ளியே நிற்கச் சொன்னான், அதில் சந்தோஷம்தான்.

ஏழாவது எட்டாவது தடவையில் வலது பக்கம், ஹவுசிங்கின் மேல்தோளில் வெள்ளைப் பவுடர் கறுத்துக்கொண்டு வந்தது. அங்கிருந்து ஒரு கோடாக இறங்கி, அடியில் இருக்கிற அந்தத் துளைக்குப் பக்கத்து விளிம்பில் வந்து நின்றது. அதற்கு நேர் மேலேதான் பம்ப்பிலிருந்து பின்னால் போகிற இரும்புப் பைப். அதை ஒரு பட்டையில் பிடித்திருக்கிற ரப்பர் கிளாம்ப் இல்லை. யாரோ கட்டுக்கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள்.

வண்டியை அணைக்காமலே பையன் சீட்டிலிருந்து குதித்து, "இதானுங்க பெரியப்பா!" என்று கையை நீட்டினான். பைப்பின் அடிப்பக்கம் விரலால் தடவிப் பார்க்கப் போனான். நான் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தோட்டத்தில் வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் அப்படிக் கத்துகிற ஆள் இல்லை. அதனாலேயே அவன் அப்படியே நின்றுவிட்டான்.

ஏன் கத்தினேன் என்று அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். வேலையில் சேர்ந்த புதிதில் எங்கள் பணிமனையில் டீசல் பம்ப் ரூமில் ஒரு அண்ணன் இருந்தார். கெட்டிக்காரர். இன்ஜெக்டர் நாசிலைச் சோதிக்கும்போது புகை மாதிரி டீசல் பீய்ச்சும், 200 கிலோ அளவுக்கு அழுத்தம். ஒருநாள் அவருடைய இடது ஆள்காட்டி விரல் அதன் முன்னால் ஒரு நொடி போய்விட்டது. முள் குத்தின மாதிரி ஒரு புள்ளி. ரத்தம்கூட வரவில்லை. துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார், டீக்கடைக்கு எங்களோடு நடந்து வந்தார், பன் தின்றார். ராத்திரி விரல் சுரைக்காய் மாதிரி வீங்கி, வலியில் தூங்கவில்லை. காலையில் நீலம் பாய்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தும் இரண்டு கணு போய்விட்டது. தோலைத் துளைத்து உள்ளே போன எண்ணெய் நரம்பையும் தசையையும் உள்ளிருந்தே சாகடிக்கும் என்று டாக்டர் சொன்னது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவர் அதற்குப் பிறகும் பல வருஷம் வேலை பார்த்தார். சட்டைப் பொத்தான் போடும்போது மட்டும் திரும்பிக்கொள்வார்.

ஊசிமுனைத் துளையிலிருந்து வருகிற எண்ணெய் கண்ணுக்கே தெரியாது. கை வைத்துத் தேடவே கூடாது. அப்படி யாருக்காவது பட்டுவிட்டால், வலி இல்லையே என்று மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்கக்கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், அழுத்தத்தில் எண்ணெய் உள்ளே போயிருக்கிறது என்று வாயால் சொல்லவேண்டும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது என்பதால், சொல்லாவிட்டால் பார்க்கிறவர்களுக்கும் தோன்றாமல் போகலாம்.

ஒரு நீளக் குச்சியின் முனையில் அட்டைத் துண்டைக் கட்டி, தள்ளி நின்று, பைப்புக்கு அடியில் பிடித்தேன். பையன் மறுபடி சீட்டில் ஏறித் தூக்கினான். அட்டையில் பென்சிலால் கிழித்த மாதிரி ஒரு ஈரக்கோடு விழுந்தது. அவன் இறங்கிவந்து அந்த அட்டையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரொட்டவேட்டரைத் தரையில் இறக்கி, இன்ஜினை அணைத்து, கைப்பிடியை இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் ஆட்டி, உள்ளே இருக்கிற அழுத்தத்தை விட்டுவிட்டுத்தான் பைப்பைக் கழற்றினோம். கட்டுக்கம்பி கட்டிய இடத்தில், பட்டையில் உரசி உரசி ஒரு பக்கம் சப்பையாகத் தேய்ந்து பளபளவென்று இருந்தது. நடுவில் அந்தத் துளை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் முதலில் எனக்குத் தெரியவில்லை, பையன்தான் கண்டுபிடித்தான். பத்து ரூபாய் பெறாத ஒரு ரப்பர் கிளாம்ப் விழுந்துபோனதால் வந்த வினை. கம்பியால் கட்டியது யார் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஊரில் ஒருவர் பித்தளைப் பற்று வைத்து அடைத்துவிடலாம் என்றார். டீசல் ரிட்டர்ன் பைப்பாக இருந்தால் நானும் சரி என்றிருப்பேன். இது அழுத்தம் ஏறுகிற பைப். துளையைச் சுற்றியும் தகடு மெலிந்து கிடக்கிறது, இன்றைக்கு இங்கே அடைத்தால் அடுத்த மாதம் அரை அங்குலம் தள்ளித் திறக்கும். புதுப் பைப்பைக் கோபியில் தேடிக் கிடைக்காமல், ஈரோட்டிலிருந்து மறுநாள் வரவழைத்தோம். பைப், இரண்டு ஓ-ரிங், ரப்பர் கிளாம்ப் மூன்றும் சேர்த்து 1,850 ரூபாய். திறந்த வாய்களைப் பாலிதீன் கட்டி மூடி வைத்திருந்தோம், தூசி உள்ளே போனால் வால்வு சிக்கிக்கொள்ளும். ஓ-ரிங்கை எண்ணெய் தடவித்தான் உட்கார வைக்கவேண்டும், காய்ந்தபடி வைத்து முறுக்கினால் மடங்கி வெட்டுப்பட்டுவிடும்.

அதோடு முடியவில்லை. ஒழுகிய நாட்களில் பையன் பக்கத்துக் கடையில் கிடைத்த 90 நம்பர் கியர் ஆயிலை ஊற்றி வந்திருக்கிறான். இந்த வண்டிகளில் பிரேக்கும் அதே எண்ணெயில்தான் முங்கிக் கிடக்கிறது. கெட்டி எண்ணெய் போட்டால் காலை நேரத்தில் லிஃப்ட் சோம்பேறியாகத் தூக்கும், பிரேக் முனகும். இரண்டும் இருந்தது. அதனால் முழுதும் வடித்து, வடிகட்டி மாற்றி, வண்டியோடு வந்த புத்தகத்தில் என்ன ரகம், எத்தனை லிட்டர் என்று போட்டிருக்கிறதோ அதையே ஊற்றினோம். அளவு பார்க்கும்போது வண்டி சமதரையில் இருக்கவேண்டும், பின் கைகள் கீழே இறங்கியிருக்கவேண்டும். தூக்கியபடி பார்த்தால் சிலிண்டரில் நிற்கிற எண்ணெய் கணக்கில் வராது, குறைவாகக் காட்டும். எல்லாம் சேர்த்து 8,400 ரூபாய். என் தம்பிக்கு இதுவும் பெரிய தொகைதான். 26,000 எங்கே, 8,400 எங்கே என்று நான் சொல்லவில்லை, அவனே கணக்குப் போடத் தெரிந்தவன்.

அந்த மெக்கானிக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் எண்ணவில்லை. ஒருநாளைக்கு ஐந்து வண்டி பார்க்கிறவருக்குக் கழுவிக் காயவைத்து ராத்திரி அட்டை விரிக்க நேரம் கிடையாது. வண்டியைக் கிளப்பினார், சும்மா ஓடவிட்டுப் பார்த்தார், மேலே எதுவும் ஒழுகவில்லை, துளைக்குப் பக்கத்தில் ஈரம் இருந்தது. நேரம் என்னைப் போல ஓய்வில் இருக்கிறவனிடம்தான் இருக்கிறது.

வெளியே சொட்டே இல்லாமல், தூக்கி நிறுத்திய ரொட்டவேட்டர் இன்ஜினை அணைத்ததும் தானாக இறங்குகிறது என்று இரண்டு பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அது உள்ளேயே நடக்கிற ஒழுக்கு. பிஸ்டன் சீலோ, வால்வோ தேய்ந்திருக்கும். தரையிலிருந்து உயரத்தை அளந்து, அரை மணி கழித்து மறுபடி அளந்து எழுதி வைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போங்கள். எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருந்தால், ஒரு பாட்டிலில் பிடித்து ராத்திரி வையுங்கள். காற்று புகுந்த நுரை என்றால் காலையில் தெளிந்துவிடும், உறிஞ்சுகிற பக்கம் பாருங்கள். தெளியவில்லை என்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. சேற்றுழவு ஓட்டுகிற நம் ஊரில் அது அதிசயமில்லை.

தண்ணீர் விட்ட நான்காம் நாள் பையன் எங்கள் மேட்டு வயலில் சேற்றுழவு ஓட்டினான். நான் வரப்பில் நின்றேன். என் தம்பி வந்து பக்கத்தில் நின்றான். இரண்டு சுற்று வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. மூன்றாவது திருப்பத்தில் ரொட்டவேட்டர் தூக்கி இறங்கியதும், "ஏனுங்ணா, அந்தக் கைப்புடிய மேல தள்ளுனா தூக்குமா, கீழ தள்ளுனா தூக்குமா?" என்று கேட்டான். பின்னால் இழுத்தால் தூக்கும் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு மடை பார்க்கப் போய்விட்டான்.

வலது பின்சக்கரத்து ஈரம் மட்டும் பாக்கி. ஆக்சில் சீல் என்று தெரிகிறது. ஆனால் கியர்பாக்ஸ் மேலே இருக்கிற பிரீதர் மூடியைக் கழற்றிப் பார்த்தபோது அது மண் அடைத்துக் கல்லாகக் கிடந்தது. வண்டி சூடேறினால் உள்ளே காற்று விரிந்து, வெளியேற வழியில்லாமல் எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளும். நல்ல சீலும் அப்படிக் கசியும், எத்தனை முறை மாற்றினாலும் நிற்காது. பிரீதரை டீசலில் ஊறவைத்துச் சுத்தம் செய்து போட்டிருக்கிறோம். ஈரம் குறைந்திருக்கிறது, முழுதாக நிற்கவில்லை. நடவு முடிந்து வண்டி சும்மா நிற்கும்போது அந்தச் சக்கரத்தைக் கழற்றுவதாக இருக்கிறோம். இந்தத் தடவை பையன் கழற்றட்டும், நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.